ஓயா நீர்

அம்மா கொட்டாஞ்சேனையில் பிறந்தார், வெள்ளவத்தையில் இறந்தார். இரண்டுக்கும் இடையே பஸ்ஸில் பத்துக் கிலோமீற்றர். அந்தப் பத்துக் கிலோமீற்றருக்குள் அறுபத்தொன்பது வருடம் வாழ்ந்து முடித்தார். முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவு மலரில் அவர் வாழ்க்கையை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரும்படி மாமா கேட்டிருந்தார். பிறந்த திகதி, பெற்றோர் பெயர், படித்த பாடசாலை எல்லாம் அந்தப் பக்கத்துக்குள் அடங்கின. ஒரு சொல் அடங்கவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

பெயர் ஜீவராணி கனகசபாபதி. தொழில் மொழிபெயர்ப்பு. புதுக்கடை நீதிமன்றத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்தார். சாட்சிக் கூண்டில் நிற்பவர் தமிழில் சொன்னதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்வார். நீதவான் கேட்டதைத் தமிழில் திருப்பிச் சொல்வார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஒரு முறை சாட்சி ஒருவர் பொறுமை இழந்து, நீதவானைக் கண்ணால் காட்டி, "இந்த மனுசனுக்கு ஒண்டும் விளங்காது" என்று முணுமுணுத்திருக்கிறார். அம்மா எழுந்து நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, "இந்த மனுசனுக்கு ஒன்றும் விளங்காது என்கிறார், கனம் நீதவான் அவர்களே" என்று சுத்தமான சிங்களத்தில் மொழிபெயர்த்தார். நீதிமன்றம் சிரித்து ஓய ஐந்து நிமிடம் பிடித்ததாம். அம்மா சிரிக்கவில்லை. அது அவருடைய வேலை இல்லை.

ஓய்வு பெற்றபின் வெள்ளவத்தையில் கடற்பக்கம் போகும் ஒழுங்கையில் எங்கள் ஃபிளட்டின் முன்னறையே அவர் அலுவலகம். ஒரு மேசை, இரண்டு கதிரை, பழைய பிஸ்கற் ரின்னுக்குள் ஒரு சீல். 'சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்' என்று மூன்று மொழியிலும் வட்டமாக எழுதிய சீல். வெளிநாடு போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழோடும் விவாகப் பதிவோடும் வருவார்கள். ஒரு பிறப்புச் சான்றிதழில் இருப்பது பதினைந்து வரி. அதற்கும் அவர் முழுதாக ஒரு மணித்தியாலம் எடுப்பார். விளங்காத சொல்லுக்கு அவர் சீல் குத்துவதில்லை. பதிவாளரின் கையெழுத்து விளங்காவிட்டால் பதிவாளரையே தேடிப் போவார்.

நான் நீரியல் பொறியியலாளர். ஓர் ஆற்றில் எந்த மாதம் எவ்வளவு நீர் வரும் என்று அளந்து எழுதுவது என் வேலை. ஆங்கிலத்தில் எழுதுவேன். அம்மாவின் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு சுவர்தான், ஆனாலும் பதினைந்து வருடமாக ஒருவர் வேலையில் மற்றவர் கைவைத்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்திய மாசி மாதம் வைக்க வேண்டி வந்தது. மலையகத்தில் ஒரு சிறிய நீர்மின் நிலையம். ஒரு சிற்றாற்றின் குறுக்கே இடுப்பளவு உயர அணை. அங்கிருந்து வாய்க்கால் ஆற்றைத் திருப்பி மலையோரமாகக் கொண்டுபோய், இரண்டு கிலோமீற்றர் கீழே இயந்திரத்தில் விழுத்தும். பன்னிரண்டு வருடமாக ஓடுகிறது. அனுமதியைப் புதுப்பிக்கும் அறிக்கையை எங்கள் நிறுவனம் எழுதியது. அறிக்கையின் சுருக்கத்தை மூன்று மொழியிலும் பிரதேச செயலகத்தில் வைக்க வேண்டும். முப்பது நாள் எவரும் வந்து வாசித்து ஆட்சேபம் சொல்லலாம். வழமையான தமிழ் மொழிபெயர்ப்பாளர் கனடா போய்விட்டார். பதினொரு பக்கத்தை அம்மாவிடம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றேன். அன்று திங்கள்.

செவ்வாய் மாலை நான் வேலையால் வந்தபோது அவர் மூன்றாம் பக்கத்தில் நின்றார். அந்தப் பக்கத்தில்தான் அறிக்கையின் உயிர் இருக்கிறது. ஆற்றை முழுதாகத் திருப்பினால் அணைக்குக் கீழே ஆறு செத்துப்போகும். ஆகவே மீனுக்கும் நண்டுக்கும் கரையோர மரத்துக்கும் மனிதருக்கும் என ஓரளவு நீரை எப்போதும் கீழே விட வேண்டும். இங்கே அது செக்கனுக்கு நூற்றிருபது லீற்றர். அந்த நீருக்கு எங்கள் துறையில் வழங்கும் பெயர் ரெசிடுவல் ஃப்ளோ. திணைக்களத்தின் சொல்லகராதி அதை 'எஞ்சும் நீர்' என்கிறது. எல்லா அறிக்கையிலும் அப்படித்தான் வருகிறது.

"எஞ்சும் எண்டா மிச்சம்" என்றார் அம்மா. "ஆர் எடுத்த பிறகு மிச்சம்?"

மிச்சம் இல்லை, அதை விட்டுவிட்டுத்தான் மெஷினுக்கு எடுக்க வேண்டும் என்று விளக்கினேன்.

"அப்ப அது முதல். முதலைப் போய் மிச்சம் எண்டு எழுதச் சொல்லுறாய்."

அகராதியில் அப்படித்தான் இருக்கிறது, வாசிக்கிறவர்களுக்கு விளங்கும் என்றேன். கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மிச்சம் எண்டா என்னெண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. பிள்ளையள் உங்கள் மூண்டு பேருக்கும் போட்டுட்டு மிச்சத்தைச் சாப்பிட்டனான். சில நாள் மிச்சம் இருக்கேல்லை."

குறையாகச் சொல்லவில்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லும் குரலில் சொன்னார். அந்த இடத்தைத் தான் பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் எனக்கு அங்கே அளவெடுப்பு இருந்தது. சாரதி ஓட்டிய அலுவலக வானில் அவரை என் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு விடியவே புறப்பட்டேன்.

அணையடியில் காவலும் கதவும் பார்ப்பவர் டெரிக். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அம்மாவின் தமிழைக் கேட்டதும் எந்த ஊர் என்று விசாரித்தார். கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி என்றார் அம்மா. டெரிக்கின் முகம் மலர்ந்தது. தான் பக்கத்துக் கொச்சிக்கடை என்றார்.

"ஜம்பட்டா வீதி எண்டா நீங்க பெரிய ஆக்கள் தானே, அக்கா."

"பெரிய ஆக்களுக்கும் விடிய நாலு மணிக்குத்தான் பைப்பில தண்ணி வந்தது" என்றார் அம்மா.

அணைக்கு மேலே நீர் தேங்கி நின்றது, பச்சையாக. ஒரு பக்கம் வாய்க்காலின் வாய். நீர் முழுவதும் சத்தமில்லாமல் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. அணைச் சுவரில் ஒரு குழாய் பதித்திருந்தது. அதில் ஒரு சொட்டும் இல்லை. சுவருக்குக் கீழே கற்கள். வெள்ளையாகக் காய்ந்த கற்கள், வளைவுவரைக்கும்.

அந்தக் குழாயில் ஏன் நீர் வரவில்லை என்று அம்மா கேட்டார். டெரிக் அறிவித்தல் பலகையைக் காட்டினார். பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய அனுமதி நிபந்தனை, மூன்று மொழியில். தமிழில், 'எஞ்சும் நீர் எந்நேரமும் ஆற்றுக்கு விடப்படும்.'

"நான் தமிழ்ல படிச்சவன், அக்கா. போர்ட்ல இருக்கிறபடிதான் செய்றேன். எஞ்சினா விடுவேன். மாசி பங்குனியில எஞ்சாது. மழைக்கு மிச்சம் வந்தா அந்தக் குழாயால தானாப் போகும்."

ஏமாற்றும் மனிதர் அல்ல. வாசித்ததை வாசித்தபடி பன்னிரண்டு வருடம் செய்திருக்கிறார்.

அம்மா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டி, கிடையாக, முதலில் குழாயின் அடியையும் பிறகு வாய்க்கால் வாயின் விளிம்பையும் காட்டினார். "இது ஏன் அதைவிட மேல இருக்கு?"

நான் பார்த்தேன். குழாய் வாய்க்காலின் விளிம்பைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. இருபது சென்றிமீற்றர். நீர் மட்டம் இறங்கும்போது முதலில் காயும் இடம் குழாய். கடைசித் துளிவரை குடிக்கும் இடம் வாய்க்கால். அந்த இரண்டு அளவும் வரைபடத்தில் இருக்கின்றன. பழைய வரைபடத்திலிருந்து புதிய அறிக்கைக்கு அவற்றை நானே பிரதி எடுத்திருந்தேன். பிழை பலகையில் மட்டும் இல்லை. எஞ்சும் நீர் என்று நினைத்த யாரோ, எஞ்சும் நீருக்கான உயரத்தில் குழாயையும் வைத்திருக்கிறார்கள். சொல்லும் துவாரமும் ஒரே மட்டத்தில் இருந்தன. வரைபடம் வாசிக்கத் தெரியாத ஒருவர் சொல்லைப் பிடித்துக்கொண்டே வந்து துவாரத்தைக் கண்டுபிடித்தார்.

அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினார். கற்களில் உட்கார்ந்தும் எழுந்தும், ஒரு கிலோமீற்றர் கீழே தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புப் பெண்கள் துணி துவைக்கும் இடம்வரை வந்தார். ஆங்காங்கே குழிகளில் கலங்கிய நீர். அதற்குள் விரல் நீள மீன்கள், வாயால் கல்லில் ஒட்டிக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்து ஏறும் வகை. ஏற நீரோட்டம் இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக நிழல் பக்கம் ஒதுங்கிக் கிடந்தன.

அங்கே ராக்கம்மா என்றொரு பெண் வெறும் வாளியோடு நின்றார். கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். மூன்று மாதம் ஆறு இப்படித்தான், தூரத்து ஊற்றுப் பீலிக்குப் போய்த்தான் நீர் பிடிக்க வேண்டும் என்றார். கம்பெனியைக் கேட்டதில்லையா என்று கேட்டேன். கேட்டார்களாம். மிச்சமிருந்தால் விடுவதாக எழுதி வைத்திருக்கிறது, மிச்சமில்லை, அப்புறம் என்ன கேட்பது என்றார். அந்தப் பலகையை அவரும் வாசித்திருக்கிறார்.

அம்மா தன் வேலையைத் தொடங்கினார். முன்பு, அணைக்கு முன்னால், கோடையிலும் இதில் வந்துகொண்டிருந்த நீருக்கு இங்கே என்ன பெயர் என்று கேட்டார். ராக்கம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"அதுக்கு எதுக்குங்கம்மா பேரு? நிக்காம வந்துக்கிட்டு இருந்துச்சு. நின்னதுக்கு அப்புறந்தான் அத பத்தியே பேசுறோம்."

நான் டெரிக்குக்குத் தொலைபேசினேன். அணையின் அடியில் சேரும் மணலைக் கழுவிவிட ஒரு சிறிய இரும்புக் கதவு உண்டு. அதை நூற்றிருபது லீற்றர் போகும் அளவுக்குத் திறந்து, நீர் எவ்வளவு தூரம் எவ்வளவு நேரத்தில் போகிறது என்று அளப்பது அன்றைய வேலை. இரண்டு மணித்தியாலத்துக்கு அனுமதி வாங்கியிருந்தோம். நாற்பது நிமிடத்தில் இங்கே வரும் என்று அம்மாவிடமும் ராக்கம்மாவிடமும் சொன்னேன்.

நாற்பது நிமிடத்தில் வரவில்லை. ஐம்பதிலும் வரவில்லை. ராக்கம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அம்மாவை அதில் இருத்தினார். காய்ந்த ஆறு முதலில் தான் குடிக்கும் என்பது கணக்கில் இருந்தது, எவ்வளவு குடிக்கும் என்பது இல்லை. ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும் போனபின் என் காலடியில் எறும்புகள் கல்லின் மேற்பக்கம் ஏறத் தொடங்கின. வரிசை வரிசையாக, முட்டைகளோடு. சிலந்திகளும் ஏறின. நீர் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு வாசம் வந்தது, நனைந்த மண்ணின் வாசம். அதன்பின் ஒரு மெல்லிய சத்தம், தாள் கசங்குவதுபோல.

"பிள்ளை, வருது" என்றார் அம்மா.

வளைவில் ஒரு நாக்கு போல வந்தது. பழுப்பு நுரை, முன்னால் சருகுகளைத் தள்ளிக்கொண்டு. அவசரமே இல்லை. ஒரு குழியடியில் வந்து நின்றது, அதை நிரப்பியது, நிரம்பியபின் விளிம்பைத் தாண்டி அடுத்த குழிக்குப் போனது. ஒன்றையும் விட்டுவிட்டுப் போகவில்லை. எங்களுக்கு முன்னாலிருந்த குழியில் நீர் விழுந்த இடத்தில் மீன்கள் ஒரே கணத்தில் திரும்பின, எல்லாம் ஒரே பக்கம், நீர் வந்த பக்கம். ஒன்று கல்லில் ஒட்டியது. நழுவியது. மறுபடி ஒட்டியது. ஒரு மெல்லிய படலமாக நீர் வழிந்த செங்குத்துக் கல்லில் வாயை வைத்து, வாலை அடித்து, விரல் விரலாக மேலே ஏறி மறுபக்கம் போனது. அதன் பின்னால் மற்றவை ஏறின.

பதினைந்து வருடம் இந்த எண்களை எழுதியிருக்கிறேன். நூற்றிருபது லீற்றர். மேசையில் அது ஒரு கட்டத்துக்குள் அடங்கும் சிறிய எண். அணைக்குக் கீழே நின்று அது வருவதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் கையில் நேரம் குறிக்கும் தாள் இருந்தது. குறிக்க மறந்துவிட்டேன். அந்த அளவெடுப்பில் அந்தக் கட்டம் இன்றும் வெறுமையாக இருக்கிறது.

அம்மா வாளியிலிருந்து எழுந்தார். நீர் அவர் பாதத்தைத் தொட்டு, சுற்றி, கடந்து போனது. சேலையைத் தூக்கவில்லை. நீதிமன்றத்தில் நிற்பதுபோலக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார், தான் ஒரு சொல்லும் கூட்டக்கூடாத இடத்தில் நிற்பவர்போல.

இரண்டு மணித்தியாலம் முடிந்ததும் டெரிக் கதவை மூடினார். அதுவரை எங்களிடம் நீர் இருந்தது ஏறக்குறைய ஐம்பது நிமிடம். ராக்கம்மா நாலு வாளி நிரப்பினார்.

திரும்பும் வழியில் அவிசாவளை நகரைத் தாண்டியபின் அம்மா என் மடியிலிருந்த வரைபடத்தை எடுத்து, ஆற்றின் பெயரில் விரலை வைத்தார். சிங்களத்தில் சிற்றாறு என்று பொருள்படும் சொல்லைத் தமிழெழுத்தில் போட்டிருந்தார்கள்: ஓயா.

"தமிழா வாசி" என்றார்.

வாசித்தேன். ஓயா. ஓயாத. நாட்டில் நூறு ஆற்றுக்கு அந்தப் பெயர். பலகைகளில் தினமும் காண்கிறோம். ஒரு நாளும் தமிழாக வாசித்ததில்லை.

'ஓயா நீர்' என்றே எழுதப்போவதாகச் சொன்னார். ஆற்று நீர் என்றுதானே நினைப்பார்கள் என்றேன். "நினைக்கட்டும். ரெண்டும் சரி."

வியாழன் பின்னேரத்துக்குள் பதினொரு பக்கமும் முடிந்தன. என் மேலாளர் வாசித்துவிட்டு, அகராதிச் சொல்லையே போடச் சொன்னார். ஓயா நீர் என்றால் ஒரு நாளும் மூட முடியாது என்று கம்பெனி பயப்படும் என்றார். அம்மாவிடம் சொன்னேன். அவர் சீலைத் துடைத்து பிஸ்கற் ரின்னுக்குள் வைத்து மூடினார்.

"வேற ஆளிட்டக் குடு, பிள்ளை. நான் கோவிக்க மாட்டன். ஆனா உன்ர இங்கிலிஷைப் பார். 'எந்நேரமும்' எண்டு நீதான் எழுதியிருக்கிறாய். நான் ஒண்டும் கூட்டேல்லை."

அன்று இரவே அறிக்கையைத் திறந்தேன். ஒரே வசனத்தில் 'எஞ்சும்' இருந்தது, 'எந்நேரமும்' இருந்தது. இரண்டும் சேர்ந்து நிற்க முடியாது. பதினைந்து வருடம் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மூல ஆங்கிலத்தை மாற்றினேன்: முதலில் ஆற்றுக்கு, பிறகு வாய்க்காலுக்கு. வரைபடத்தில் குழாயை வாய்க்கால் விளிம்புக்கு இருபது சென்றிமீற்றர் கீழே இறக்கினேன். மூடும் வால்வைக் கீறவில்லை. வெள்ளிக்கிழமை காலை மேலாளர் முன் குழாய், விளிம்பு இரண்டின் பழைய அளவையும் வைத்தேன். குழாய் அந்த உயரத்தில் இருந்தால் எந்நேரமும் விட முடியாது என்பது அவருக்கும் தெரிந்தது. பிறகு கையொப்பம் வைத்தார். அம்மா ரின்னைத் திறந்தார்.

அடுத்த கிழமை அனுமதி வழங்கும் அலுவலகத்திலிருந்து ஷபீகா என்ற உத்தியோகத்தர் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தார். ஓயா நீர் என்றால் ஓயாவின் நீரா, ஓயாத நீரா என்று கேட்டிருக்கிறார். ஓயாத நீர் என்றார் அம்மா. அப்படியென்றால் அது நிற்கவே ஏலாதே, மேடம் என்றாராம் அந்தப் பிள்ளை. "ஓம். இங்கிலிஷிலயும் நிக்க ஏலாது. மூண்டாம் பக்கம் பாருங்கோ." ஷபீகா பார்த்திருக்கிறார். அப்படியே விட்டுவிட்டார்.

முப்பது நாளில் தமிழில் நாற்பத்தொரு கடிதம் வந்தது. அதற்குமுன் ஒன்றும் வந்ததில்லை. எல்லாவற்றிலும் அந்தச் சொல் இருந்தது, அந்த நீரை நிறுத்தாமல் விடச் சொல்லி. போன வருடம் ஐப்பசியில் அணையில் புதிய துவாரம் துளைத்தார்கள். மாசியில் போய்ப் பார்ப்போம் என்று அம்மா சொல்லியிருந்தார். மார்கழியில் நோய் தெரிந்தது. தையில் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் முடிந்த மறுநாள் நான் தனியே போனேன். கடும் வெயில். டெரிக்குக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகத்தைப் பார்த்தவுடன் தொப்பியைக் கழற்றினார். புதிய பலகை இருந்தது, ஓயா நீர் என்ற சொல்லோடு. அணைக்கு மேலே நீர் மட்டம் மிகவும் இறங்கியிருந்தது. வாய்க்காலின் விளிம்பு காய்ந்து, வாய் திறந்தபடி கிடந்தது. இயந்திரம் நின்று ஆறு நாள்.

துவாரத்தால் நீர் போய்க்கொண்டிருந்தது. தொடை மொத்தத்தில், கண்ணாடிபோல, ஒரே சீராக. அளந்தேன். வந்த நீர் எண்பத்தைந்து லீற்றர். போன நீர் எண்பத்தைந்து. அந்தக் கோடையில் ஆற்றிடம் இருந்தது அவ்வளவுதான். அவ்வளவையும் அதற்கே விட்டிருந்தது அந்தச் சுவர்.

போன கிழமை சருகு அடைத்து நீர் குறைந்தபோது ராக்கம்மா ஏறி வந்து, ஓயா ஓஞ்சிருச்சு, என்னான்னு பாருங்க என்று சத்தம் போட்டதாக டெரிக் சொன்னார். உடனே இறங்கிச் சருகை எடுத்தாராம். அந்த லயத்தில் இப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்களாம். அது யார் வைத்த சொல் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

டெரிக் வாய்க்காலின் காய்ந்த வாயைப் பார்த்தார். "இப்ப மிச்சம் எல்லாம் மெஷினுக்குத்தான், மிஸ்" என்றார். "மிச்சந்தான் இல்ல."

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கற்கள் நனைந்திருந்தன, வளைவுவரைக்கும்.